மார்கழியில் யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை

நான் நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவன். சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதியின் மேடைக்கும் நடுவில் கிடக்கும் மேசைதான் இத்தனை வருஷமாக என் இடம். பொய் சொல்கிறவனின் கை எங்கே போகும், கண் எங்கே போகாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று வக்கீல்களிடையே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நானும் நம்பியிருந்தேன். போன மார்கழி முழுக்க என் மகள் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு ஹெலிகாப்டரின் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து, சோழவந்தான் பக்கத்து வயல்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாள். வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான்.

ஹெலிகாப்டர் என் மனைவியின் தம்பியுடையது. ஆரப்பாளையத்தில் அவனுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. நூற்பாலைகளுக்குப் பல்சக்கரம் வெட்டிக் கொடுப்பது தொழில். எங்கள் தெருவில் முதல் டி.வி. பெட்டி வந்து இறங்கி, ஊரே அந்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த வருஷத்தில், இவன் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரு சின்ன ஹெலிகாப்டரை மதுரையிலேயே செய்துவிடப் போவதாகச் சொன்னான். அதுவும் டர்பைனில் ஓடுகிற ஹெலிகாப்டர். பெரிய விமானங்கள் தரையில் நிற்கும்போது மின்சாரம் கொடுப்பதற்கென்று ஒரு குட்டி டர்பைன் வைத்திருப்பார்களாம். கழித்துக்கட்டிய விமானம் ஒன்றின் டர்பைனை ஏலத்தில் எடுத்து, லாரியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் வைத்துக் கொண்டுவந்தான்.

"பிஸ்டன் இன்ஜினத் தூக்க நாலு ஆளு வேணும் மச்சான். இத நானும் வெல்டரும் சேந்து தூக்கி வச்சுட்டோம். ஆனா சக்தி அம்புட்டும் இருக்கு. குடிக்கிறதும் வெறும் மண்ணெண்ணெய்தேன்."

"ரேசன்ல ஊத்துறது நம்ம அடுப்புக்கே பத்தல" என்றாள் என் மனைவி. "இதுக்கு வேற ஒரு கார்டு போடணுமாக்கும்."

பயிருக்கு மருந்தடிக்கலாம், பாதை இல்லாத ஊருக்கு டாக்டரை அனுப்பலாம் என்று அவன் சொல்லிக்கொண்டே போவான். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆனால் என் மகள் அப்போதுதான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவரை சும்மா இருக்கிறாளே என்று மாமன் பட்டறைக்குப் போகத் தொடங்கினாள். மேலே சுற்றுகிற விசிறியின் நீளம், அகலம், முறுக்கு எல்லாமே அவள் போட்ட கணக்கு என்று பிறகு தெரிந்தது. தாய்மாமன் இடம், நம் வீடு மாதிரி என்று நினைத்தேன்.

சோழவந்தான் பாதையில், வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டி மச்சினனுக்கு நிலம் இருந்தது. அங்கே ஒரு தகரக் கொட்டகையும், நெல் அடிக்கிற சிமெண்டுக் களமும் உண்டு. களத்தின் தரையில் இரும்பு வளையங்கள் பதித்து, அந்த இயந்திரத்தைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். அடியில் சக்கரம் கிடையாது. முன்னால் வளைந்த இரண்டு குழாய்க் கால்கள்தான். நான் ஒருமுறை போயிருந்தபோது ஓட்டிக் காட்டினார்கள். கீச்சென்று ஒரு சத்தம் காதைக் கிழித்தது. தரையை விட்டு விரற்கடை எழும்பி, சங்கிலி இழுத்ததும் அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது. விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரைத் திருநெல்வேலிப் பக்கமிருந்து அழைத்துவந்திருந்தான். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. அவர் மட்டும்தான் அதில் உட்கார்ந்திருந்தார். சங்கிலியைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதி பயத்துக்காகத் தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் வைத்தே கேட்டேன்.

"மாப்ள, அவ கணக்குப் போடட்டும், படம் வரையட்டும். அதுல ஏறக் கூடாது. நான் கேக்குறது இது ஒண்ணுதான்."

"யாரு மச்சான் ஏத்துறா? கல்யாணம் ஆகிற வரைக்கும் அவ காலு தரையிலதேன்."

"கல்யாணத்துக்கு அப்புறமும்."

"அப்புறம் அவ புருசன் பாடு. அதையும் சேத்து நீங்க ஏன் சொமக்குறீக?"

எல்லாரும் சிரித்தோம். மனைவி சிரித்துக்கொண்டே எனக்கு ரசம் ஊற்றினாள். மகள் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டாள். கோர்ட்டில் ஒரு சாட்சி அப்படிக் கண்ணைத் தாழ்த்தியிருந்தால் நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன். வீட்டில், ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

சங்கிலியைக் கழற்றி முதன்முதலாகப் பறக்கவிடுவது தை மாதம் என்று மச்சினன் சொல்லியிருந்தான். பூசைக்கு நாளும் குறித்தாயிற்று. அதனால் மார்கழி வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மார்கழியில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்குவார்களா? பெண் பார்க்கப் போகமாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். கட்டிலை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு இழுத்துப் போடக்கூட யோசிக்கிற குடும்பம் எங்களுடையது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினேன்.

அந்த இயந்திரத்துக்கு மார்கழியை விட நல்ல மாதம் கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? சூடான காற்று இளைத்த காற்றாம். மதுரை வெயிலில் அந்த டர்பைனுக்கு மூச்சு வாங்குமாம், விசிறிக்கும் பிடிமானம் கிடைக்காதாம். பனி இறங்கிய விடியற்காலையில் காற்று கனத்துக் கிடக்கும்போது அது துள்ளிக்கொண்டு எழும்புமாம். நமக்கு ஆகாத மாதம் அதற்கு ஆன மாதம்.

அம்மாவும் மகளும் இருட்டிலேயே குளித்துத் தெருக்கோடிப் பெருமாள் கோயிலுக்குக் கிளம்புவார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கும். நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். திரும்பி வர வெயில் ஏறிவிடும். மார்கழிக் கூட்டம் என்பாள் மனைவி. மகளின் காதோரம் துளசி இருக்கும். தொன்னையில் நெய் வழியும் பொங்கலை எனக்கு நீட்டுவாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவேன். இந்தக் காலத்துப் பெண், இன்ஜினியரிங் படித்தவள், இந்தக் குளிரில் அம்மாவோடு கோயிலுக்குப் போகிறாளே என்று ஆபீசில் பெருமையாகச் சொன்னேன். வரன் பார்க்க வந்த தரகரிடமும் சொன்னேன்.

கோயில் வாசல் வரை போய், அங்கே காத்திருந்த மாமனின் ஜீப்பில் மகள் ஏறிவிடுவாள். மனைவி சில நாள் கோயிலிலேயே இருந்துவிடுவாள், சில நாள் அவளும் கூடப் போயிருக்கிறாள். திரும்பும்போது துளசியையும் பொங்கலையும் வாங்கிக்கொள்வார்கள்.

மாதத்தின் பாதியில் ஒருநாள் மகள் தோளை அசைக்க முடியாமல் வந்தாள். தோள்பட்டையிலிருந்து கழுத்து வரை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது.

"கோயில் படியில வழுக்கிருச்சுங்க" என்றாள் மனைவி. எண்ணெய் காய்ச்சப் போய்விட்டாள்.

அன்று மாலையே நான் கோயிலுக்குப் போனேன். படி கழுவுகிற ஆளைக் கூப்பிட்டு, பாசி பிடித்துக் கிடக்கிறது, வயசானவர்கள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டேன்.

"இங்கன யாரும் விழுகலயே சார்" என்றான் அவன்.

"விழுந்தது என் மக" என்றேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியைத் தேய்த்தான். இதை நினைக்கும்போது இன்னும் என் முகம் சுடுகிறது.

தை பிறந்தது. பூசை நாளன்று குடும்பமாகப் போனோம். களத்தில் மாவிலைத் தோரணம். இயந்திரத்தின் மூக்கில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சங்கிலிகளைக் கழற்றி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் கொஞ்சம் பேர் களத்து ஓரமாக நின்றார்கள்.

புது வண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். இதற்குச் சக்கரம் இல்லையே, என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எழும்பி, ஒரு முழம் முன்னால் நகர்ந்து, குழாய்க்கால் பழத்தின் மேல் இறங்கும்படி செய்யலாம் என்றான் மச்சினன். நான் பழங்களை வாங்கிக் காலுக்கு முன்னால் வைக்கக் குனிந்தேன்.

"சும்மா வைக்காதீக" என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. "விசிறிக் காத்துல வரப்பு வரைக்கும் உருண்டு போயிரும். களிமண்ணுல பொதிச்சு வைங்க."

யாரோ வாய்க்காலிலிருந்து ஈரக் களிமண் எடுத்துவந்தார்கள். நான் பொதித்து வைத்தேன். வைத்து நிமிரும்போது மனசில் ஏதோ இடறியது. என்னோடு ஒருமுறைகூட இந்தக் களத்துக்கு வராதவள் இவள். இந்தக் காற்று எவ்வளவு வலுவானது என்று இவளுக்கு யார் சொன்னது? அவளைப் பார்த்தேன். எஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை. அதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொட்டகைச் சுவருக்குப் பின்னால் காற்று அடிக்காத ஒரே இடமாகப் பார்த்துப் போய் நின்றுவிட்டாள்.

மச்சினன் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்தான்.

"மச்சான், வீட்டுப் பொண்ணு ஏறி உக்காந்தா நல்லது. ஒரு சாண். ஒரே ஒரு சாண்தேன் எந்திரிக்கும். நீங்க சரின்னு சொன்னாத்தேன்."

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் தலையை அசைத்தேன். ஒரு சாண்தானே. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இருப்பதாக அந்த நிமிஷம் நினைத்தேன்.

மகள் ஏறினாள். எந்தக் கம்பியைப் பிடித்து எங்கே கால் வைப்பது என்று தேடவில்லை. தலையை முன்கூட்டியே குனிந்துகொண்டாள். உட்கார்ந்ததும் இரண்டு தோள் பட்டைகளையும் கொக்கியையும் பார்க்காமலே இழுத்து மாட்டினாள். அவள் கண் எதிரே இருந்த அளவுமானிகளின் முட்களின் மேல் இருந்தது. நான் சைக்கிள் பூட்டைப் பூட்டுவது மாதிரி, அவள் அம்மா வெங்காயம் அரிவது மாதிரி இருந்தது அந்தக் கை. பட்டை அவள் தோளில் எந்த இடத்தில் படிந்தது என்பதையும் பார்த்தேன்.

விசிறி சுற்றியது. தோரணம் பிய்ந்து பறந்தது. இயந்திரம் எழும்பி, முன்னால் நகர்ந்து, பழங்களின் மேல் பதமாக இறங்கியது. களிமண்ணோடு நசுங்கியது. ஆட்கள் கைதட்டினார்கள். விசிறி நின்ற பிறகு என் பக்கத்தில் நின்ற கொடிக்கால்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இம்புட்டுத்தானாண்ணே?" என்றார் என்னிடம். "பாப்பா எல்லாம் தென்னமரத்துக்கு மேல போயிட்டு வருமே. இன்னிக்கு ஆளுக நிக்கிதுன்னு அடக்கமா ஓட்டுறாக போல. மார்கழி பூராம் பறந்து, வெத்தலக் கொடி ஏத்தி விட்ட எங் கொடிக்கா அகத்தி எல்லாம் சாஞ்சு போச்சு. ஒங்க மச்சினன் முட்டுக் கொடுத்துத் தாரேன்னுருக்காரு. பொண்ணப் பெத்தவுக நீங்கதானே? பெரிய தைரியம்ணே ஒங்களுக்கு."

நேராக விமானியிடம் போனேன். அவர் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என் மக உங்ககூட எப்பத்துலருந்து பறக்குது?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சார், நான் மொத நாளே கேட்டேன், அவங்க அப்பாவுக்குச் சம்மதமான்னு. நீங்க மனசாரச் சரின்னு சொன்னதா உங்க மச்சினர் சொன்னார். இல்லேன்னா நான் ஏத்தியிருக்க மாட்டேன்."

எனக்குக் கொடுத்த வாக்கை மீறினான் என்பது ஒரு பக்கம். நான் கொடுக்காத வாக்கை என் பேரில் கொடுத்துமிருக்கிறான். இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டுக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

அவர்கள் மூன்று பேரும் பின்னாலேயே ஜீப்பில் வந்தார்கள். மச்சினன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"சொன்னா விட்டிருப்பீகளா மச்சான்?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதேன் சொல்லல."

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"விமானி கனத்த ஆளு. அவருக்கு ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில இருக்கும், சூட்டு முள்ளு ஏறுதா எறங்குதான்னு பக்கத்துல ஒரு ஆளு பாத்துச் சொல்லணும். அதுவும் எடை இல்லாத ஆளா இருக்கணும், கனம் கூடுனா எந்திரிக்காது. இவ எடை கம்மி. முள்ளப் படிக்கத் தெரியும். பயப்பட மாட்டா. அப்பிடி ஒரு ஆள நான் எங்கிட்டுப் போயித் தேடுறது?"

"அந்தத் தோள்பட்டை?"

மகள்தான் சொன்னாள். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. மேலே போன பிறகு டர்பைன் அணைந்துவிட்டது. சத்தம் நின்றவுடன் விமானி ஒரு நெம்புகோலைக் கீழே தள்ளினார். எஞ்சின் இல்லாமலே, விழுகிற வேகத்தில் அடியிலிருந்து வருகிற காற்றிலேயே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தரை நெருங்கியதும் அந்தச் சுற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கொஞ்சம் பலமாக இறங்கியது. ஒரு குழாய்க்கால் வளைந்தது. பட்டை தோளை அறுத்தது.

"எம்புட்டு உயரத்துல?"

"தென்னமர உசரம். கூடக் கொஞ்சம் இருக்கும்பா."

நான் மனைவியைப் பார்த்தேன். "அன்னிக்கு நீயும் அங்க இருந்தியா?"

"இருந்தேன்" என்றாள். அழவில்லை. "கொட்டகைக்குப் பின்னாடி நின்னேன். சொல்ல வேணாம்னதும் நான்தேன். ஒங்களுக்குப் படபடப்பு வரும். அவளும் போகாம இருக்கமாட்டா. ஒரு ஆளு பயந்தாப் போதாதா?"

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் பயந்திருக்கிறாள். மாதம் முழுக்கத் தனியாகப் பயந்திருக்கிறாள். பயந்துகொண்டே கோயிலில் வரிசையில் நின்று பொங்கல் வாங்கி, அதை என் கையில் கொடுத்து, நான் கண்ணில் ஒற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மச்சினன் போன பிறகு மகளைக் கூப்பிட்டேன்.

"இனிமே போவியா?"

"போவேன்பா. எஞ்சின் அணைஞ்சப்ப விசிறிக்கு நான் போட்ட கணக்குத்தான் எங்கள இறக்குச்சு. அத இப்ப தெரிஞ்சே, மேல போயி எஞ்சினக் கொறச்சுட்டு, செஞ்சு பாக்கணும். அது ஆகாம இத யாருக்கும் குடுக்க முடியாது."

எனக்கு அந்தச் சத்தம் நிற்கிற நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சரி. போறப்ப என்கிட்டச் சொல்லாத" என்றேன். "வந்ததுக்கு அப்புறம் சொல்லு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அம்மாவும் மாமாவும் செஞ்சது சரிதானேப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒரு கணக்கில் இடது பக்கமும் வலது பக்கமும் சமமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சொல்லிட்டே போ" என்றேன்.

அன்றிலிருந்து சொல்லிவிட்டுத்தான் போகிறாள். "அப்பா, ஷெட்டுக்குப் போறேன், இன்னிக்குப் பறக்குறோம்" என்பாள். சில நாள், "பட்டறைக்குப் போறேன், பறக்கல, மாமாவுக்குப் பல்சக்கரம் அளந்து குடுக்கணும்" என்பாள். திரும்பி வந்ததும் நடந்ததைச் சொல்வாள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மனைவியும் எதையும் மறைப்பதில்லை. மச்சினன் போன வாரம் வந்து, "மச்சான், மனசுல வச்சுக்கிறாதீக" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தான். நானும் குடித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு முன்பு எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்கிறது.

எஞ்சினைக் குறைத்து இறக்கிப் பார்க்கும் நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே என்னிடம் சொன்னாள். காலையில் திருநீறு பூசிவிட்டேன். ஜீப் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தாள்.

"இன்னிக்குப் பறக்கலப்பா. காத்து ஜாஸ்தி. தள்ளிப் போட்டுட்டோம்" என்றாள். செருப்பைக் கழற்றினாள். அம்மாவிடம் இட்லி கேட்டாள்.

நான் அவள் தோளைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். தட்டை வாங்கும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இட்லியை விண்டு, சட்னியில் தொட்டு, மகள் நன்றாகத்தான் சாப்பிட்டாள்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு சோழவந்தான் பஸ்ஸில் ஏறினேன். எதற்குப் போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ரோட்டில் இறங்கிக் களத்துக்கு நடந்தேன். கொட்டகை பூட்டியிருந்தது. தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இயந்திரம் மேலே தார்ப்பாய் போர்த்தி நின்றது. குழாய்க்கால்கள் நேராகத்தான் இருந்தன. களத்தில் காற்று சருகுகளைக் கூட்டிக்கொண்டு போனது.

கொடிக்கால்காரர் அகத்திகளுக்கு முட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது என்பதால் நான் வரப்பிலேயே நின்று கேட்டேன்.

"காலையில பறந்தாகளா?"

"எங்கிட்டுண்ணே? இந்தக் காத்துல எப்பிடிப் பறக்குறது. வந்தாக, பாத்தாக, பூட்டிப்புட்டுப் போயிட்டாக." கயிற்றைப் பல்லில் கடித்து முடிச்சை இறுக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்ணே, பாப்பா வீட்ல வந்து சொல்லலயா?"

"சொன்னா" என்றேன்.